ஒல்லி நெக் என்னும் மூடநம்பிக்கை

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்கிற அறிவுரை ஒன்றுதான். கடைக்காரர் சொல்வார், கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் சொல்வார், இரண்டு வருஷம் முன்னால் வாங்கிய நண்பனும் சொல்வான்: “நெக் ஒல்லியா இருக்கணும். அப்பத்தான் கை வலிக்காது, வேகமா வாசிக்கலாம்.” இதை யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டது அபூர்வம். தண்ணீர் பள்ளத்தில் பாயும் என்பதுபோல எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மையாகிவிட்டது. இது தவறு. அரைகுறை உண்மைகூட இல்லை. கை வலிக்கிற பலருக்கு வலியின் காரணத்தைக் கண்ணில் படாமல் மறைத்து வைப்பதே இந்த நம்பிக்கைதான்.

நெக்கின் தடிமன் கைக்குத் தெரியவே தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும். ஆனால் வாசிப்பது சுகமா சிரமமா என்பதைத் தீர்மானிக்கிறவற்றை வரிசைப்படுத்தினால் தடிமன் கடைசிப் பக்கம்தான் வரும். நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழம், கம்பியின் உயரம், கம்பியின் பருமன், நெக்கின் தோள்களில் மரம் எவ்வளவு விட்டிருக்கிறது, ஃப்ரெட்போர்டின் ஓரம் மழுங்கலா கூரா, பின்பக்கப் பூச்சு வழுக்குகிறதா ஒட்டுகிறதா, கிட்டார் எந்த உயரத்தில் தொங்குகிறது என்பவை எல்லாம் அதற்கு முன்னால் வரும். இவற்றில் பெரும்பாலானவை விளம்பரத் தாளில் இருக்காது. தடிமனை மட்டும் மில்லிமீட்டரில் அச்சடித்துவிட முடியும். அச்சடிக்க முடிந்த எண்ணுக்கு இல்லாத பெருமை வந்து சேர்ந்தது.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாற்றுக் கதையும் உண்டு. அந்தக் காலத்து நெக் எல்லாம் உருட்டுக்கட்டை. பிறகு தொழில்நுட்பம் வளர்ந்தது, நெக் மெலிந்தது, வேகம் பிறந்தது என்று அந்தக் கதை போகும். 1950-ல் லியோ ஃபெண்டர் முதலில் செய்த எஸ்கொயர் கிட்டார்கள் சிலவற்றில் நெக்குக்குள் டிரஸ் ராட் கிடையாது. கம்பிகளின் இழுப்பில் நெக் வளைந்தது. அதன் பிறகே இரும்புக் கம்பி உள்ளே போனது. இதுவரை கதை சரி. ஆனால் டிரஸ் ராட் வந்த பிறகும் ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டாரின் நெக் பல ஆண்டுகள் தடிமனாகவே இருந்தது. கிப்சன் கம்பெனியோ டிரஸ் ராடுக்கான காப்புரிமையை 1920-களிலேயே வாங்கிவிட்டது. அப்படியிருந்தும் அதன் 1950-களின் லெஸ் பால் கிட்டார்களின் நெக்குகள் கை நிறைய இருந்தன. மெலிதாகச் செய்ய வழி தெரிந்தும் அவர்கள் செய்யவில்லை. 1960-ல் லெஸ் பாலின் நெக் சட்டென்று மெலிந்தது. இன்றும் 1959-ஆம் ஆண்டின் நெக் என்றால் கை நிறையும் நெக், 1960 என்றால் மெலிந்த நெக் என்று வாசிப்பவர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். மெலிவதுதான் முன்னேற்றம் என்றால், அறுபது வருஷம் கழித்தும் பழைய தடிமனைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஏன் இருக்கிறார்கள்?

1965-ல் அதே கிப்சன் நட்டின் அகலத்தையும் குறைத்தது. 43 மில்லிமீட்டராக இருந்தது 40-க்கும் கீழே போனது. ஒல்லிதான் சுகம் என்ற கணக்குப்படி கைகள் கொண்டாடியிருக்க வேண்டும். விரல்கள் ஒன்றோடொன்று இடித்தன, கார்டு பிடித்தால் பக்கத்துக் கம்பி அடைபட்டது. சில ஆண்டுகளில் அகலம் பழைய அளவுக்கே திரும்பியது.

இன்று நாம் கேட்கும் ‘ஸ்பீடு நெக்’ பேச்சு 1980-களின் இறுதியில் கெட்டிப்பட்டது. 1987-ல் ஐபனீஸ் ஆர்ஜி வரிசை வந்தது. அதன் ‘விசார்ட்’ நெக் முதல் ஃப்ரெட்டில் 17 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்தது. மின்னல் வேகத்தில் வாசித்தவர்கள் கையில் அந்தக் கிட்டார்கள் இருந்தன. வேகத்துக்குக் காரணம் நெக்கின் மெலிவு என்று உலகம் முடிவுகட்டியது. அந்தக் கிட்டாரில் மெலிந்த நெக்கோடு வேறு என்னவெல்லாம் வந்தன என்று பாருங்கள். ஏறக்குறையத் தட்டையான ஃப்ரெட்போர்டு. உயரமும் அகலமும் கூடிய ஜம்போ ஃப்ரெட்டுகள். உரசிவிடுமோ என்கிற அளவுக்குத் தாழ்ந்த கம்பிகள். சன்னமான கம்பி செட். 24-ஆவது ஃப்ரெட் வரை கை போவதற்கு ஆழமாக வெட்டிய உடல். இவை ஒவ்வொன்றும் விரலின் உழைப்பை நேரடியாகக் குறைப்பவை. மரியாதை மட்டும் நெக்கின் பின்பக்கத்துக்குப் போனது.

வேகத்துக்கு மெலிந்த நெக் வேண்டும் என்பவர்கள் டேனி கேட்டனைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் டெலிகாஸ்டர் வாசித்தவர்களில் அவரைப் போல வேகமும் சுத்தமும் சேர்ந்தவர்கள் குறைவு. அவர் கையில் இருந்தது 1953-ஆம் ஆண்டின் டெலிகாஸ்டர், கையை அடைத்து நிற்கும் அந்தக் காலத்துத் தடித்த நெக். ‘ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’ இசைத்தட்டில், 1980 டிசம்பரில், ஜான் மெக்லாஃப்ளினும் அல் டி மியோலாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பாகோ தே லூசியா வாசித்தது நைலான் கம்பி போட்ட ஃபிளமென்கோ கிட்டார். அந்த வகைக் கிட்டாரின் நட் 50 மில்லிமீட்டரைத் தாண்டும். எலக்ட்ரிக் கிட்டாரின் நெக் அதன் பக்கத்தில் குச்சி. அன்று இரவு அவர் மற்ற இருவருக்கும் வேகத்தில் பின்தங்கவில்லை.

கையின் பக்கம் வருவோம். விரல் கம்பியை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைப் பின்னால் தாங்குவது கட்டைவிரல். கம்பி எவ்வளவு விசை கேட்கிறதோ அவ்வளவையும் கட்டைவிரல் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நெக் மெலிந்தால் இந்த விசை ஒரு கிராம்கூடக் குறையாது. மாறுவது கையின் நிலை மட்டும்: கட்டைவிரலும் மற்ற விரல்களும் நெருங்கிக் கிள்ளுகிற நிலைக்கு வந்துவிடுகின்றன. சுருங்கிய தசைக்கு வலு குறைவு. கைப்பிடி வலுவை அளக்கும் கருவியில் பிடியின் அகலத்தை மாற்றி மாற்றி வைத்து அழுத்தச் சொன்னால் மிகக் குறுகிய நிலையில் வலு குறைவாகவும் நடு நிலைகளில் அதிகமாகவும் காட்டும். பிசியோதெரபி படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. மூட்டுவலிக்காரர்களுக்குக் கரண்டியின் பிடியையும் பேனாவின் பிடியையும் தடிமனாக்கிக் கொடுப்பது இதனால்தான். கிட்டார் நெக்கை முஷ்டியால் பிடிப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு மணி நேரம் பார் கார்டு வாசித்த பிறகு கட்டைவிரலின் அடிச்சதை எரிவது மெலிந்த நெக்கில் அதிகம் என்று சொல்கிறவர்களை நான் நம்புகிறேன். அவர்கள் கை பொய் சொல்லவில்லை.

தடிமன் என்ற ஒற்றை எண் மறைக்கிற பெரிய விஷயம் நெக்கின் தோள். ஒரு நெக்கைக் குறுக்காக அறுத்தால் தெரியும் வடிவத்தைத்தான் சி, டி, யூ, வி என்று எழுத்துகளால் குறிக்கிறார்கள். முதல் ஃப்ரெட்டில் 21 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு நெக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று டி வடிவம்: முதுகு தட்டை, இரண்டு பக்கத் தோள்களிலும் மரம் நிறைய. இன்னொன்று மென்மையான வி: நடுவில் முகடு, தோள்கள் சரிவு. அளவுகோலுக்கு இரண்டும் ஒன்று. கைக்கோ முதலாவது பெரியது, இரண்டாவது சிறியது. காரணம், உள்ளங்கையும் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியும் தொடுவது தோள்களை. நடுமுதுகைத் தொடுவது கட்டைவிரல் மட்டும். எரிக் கிளாப்டன் பெயரில் 1988-ல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மென்மையான வி நெக் வைத்தார்கள். எடி வான் ஹாலனுக்காக மியூசிக் மேன் செய்த கிட்டாரில் நெக்கின் இரண்டு தோள்களும் வேறு வேறு வளைவு. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். ஸ்வீடனின் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் இன்னும் தூரம் போய், வளைவையே விட்டுவிட்டுப் பட்டை தீட்டிய முதுகை வைத்தார். கை நெக்கில் ஏறும்போது அந்தப் பட்டையின் கோணமும் மாறிக்கொண்டே போகும். ஊன்றிச் சிந்தித்தவர்கள் எல்லாரும் கையாண்டது வடிவத்தை. மில்லிமீட்டரைச் சுரண்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை.

இனி நட். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அழுவது இங்கே, கிட்டாரை மூலையில் சாத்துவதும் இங்கே.

எஃப் மேஜர் பார் கார்டு. முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மீதும் படுக்கவைத்து அழுத்த வேண்டும். பிள்ளை அழுத்துகிறது, இரண்டு கம்பிகள் தட் தட் என்று சாகின்றன. “உன் கை சின்னது, நெக் தடிமன், ஒல்லி நெக்குள்ள கிட்டார் வாங்கு” என்கிறார்கள். அந்தக் கிட்டாரைக் கையில் எடுத்து, ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே வெளிச்சம் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். சரியாக வெட்டிய நட்டில் அந்த இடைவெளி மயிரிழை அளவுதான்; கம்பியை விரலால் தட்டினால் ஃப்ரெட்டில் மெல்ல ‘டிக்’ என்று பட வேண்டும். குறைந்த விலைக் கிட்டார்கள் பலவற்றில் அங்கே விசிட்டிங் கார்டையே நுழைக்கலாம். பள்ளத்தை ஆழமாக வெட்டிவிட்டால் கம்பி இரையும், நட்டையே மாற்ற வேண்டிவரும். அதனால் தொழிற்சாலை பயந்து மேலோட்டமாக வெட்டி அனுப்புகிறது.

அந்த அதிக உயரத்தின் விலையைக் கணக்குப் போடலாம். 648 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்குத் தூரம் சுமார் 36 மில்லிமீட்டர். அவ்வளவு குட்டையான துண்டில் கம்பியைக் கீழே தள்ள வேண்டும். ஒரே உயரத்துக்கு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கேட்கும் விசையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு விசையை முதல் ஃப்ரெட் கேட்கும். நட்டில் அரை மில்லிமீட்டர் கூடினால் அந்தப் பிஞ்சுக் கை இவ்வளவையும் சுமக்கிறது. போதாக்குறைக்குக் கம்பி இழுபட்டு சுருதியும் ஏறுகிறது. எவ்வளவு பாடுபட்டாலும் கார்டு பிசிறடிக்கிறது. வேலை தெரிந்தவர் ஒருவர் நட் அரத்தை எடுத்து ஆறு பள்ளங்களையும் சரிசெய்தால் தீர்கிற தொல்லை இது. புதுக் கிட்டாரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது.

கம்பியின் பருமனிலும் இதே கணக்குதான். குட்டை ஸ்கேல், அதாவது குட்டையான கம்பி நீளம், இதம் என்று கிப்சனை நாடுகிறவர்கள் உண்டு. கம்பியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஃபெண்டரின் 648 மில்லிமீட்டரிலிருந்து கிப்சனின் 628-க்குப் போனால் சுமார் 6 சதவீதம் குறையும். அதே கிட்டாரில் முதல் கம்பியின் பருமனை 10-லிருந்து 9-க்கு மாற்றினால் 19 சதவீதம் குறைகிறது. மூன்று மடங்கு பலன், ஒரு செட் கம்பியின் விலையில்.

கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றும் பெண்டிங்குக்கு வந்தால் நெக்கின் முதுகை மறந்தே விடலாம். பழைய ஃபெண்டர்களின் ஃப்ரெட்போர்டு 7.25 அங்குல ஆரத்தில் வளைந்தது. மேல் பகுதியில் கம்பியை நடுவை நோக்கித் தள்ளும்போது வளைவின் மேடு குறுக்கே வரும்; கம்பி மேல் ஃப்ரெட்டில் இடித்து ஒலி செத்துப்போகும். தவிர்க்க வேண்டுமானால் கம்பியைத் தூக்கி வைக்க வேண்டும், தூக்கினால் எல்லாக் கார்டும் கடினம். ஃபெண்டரே பின்னால் 9.5 அங்குலத்துக்கு வந்தது. கிப்சன் 12-ல் நிற்கிறது. நட்டருகே வளைவு கூடவும் மேலே போகப்போகத் தட்டையாகவும் உள்ள கலப்பு ஆரமும் இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. கர்நாடக சங்கீதத்தை எலக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னாவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கமகம் என்றால் விரல் ஒரே கம்பியில் ஓயாமல் வழுக்கி ஏறி இறங்குவது. அப்படி வாசிக்க ஃப்ரெட்டின் முனை மெருகும், பின்பக்கப் பூச்சு ஈரக் கையில் ஒட்டாமல் இருப்பதும் வேண்டும். கண்ணாடி போல மினுங்கும் கனத்த பூச்சில் சென்னையின் மே மாத வியர்வைக் கை பசை போட்டதுபோல நிற்கும். மிக நுண்ணிய உப்புத்தாளால் பூச்சின் பளபளப்பைத் தேய்த்து எடுத்தால் கை ஓடத் தொடங்குகிறது. எடி வான் ஹாலன் பூச்சே இல்லாத மேப்பிள் நெக்கை விரும்பியது சும்மா இல்லை.

ஃப்ரெட்போர்டின் ஓரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசித்து வாசித்துப் பழகிய பழைய கிட்டாரை எடுத்தவுடன் ‘என்ன சுகம்’ என்று தோன்றுகிறதே, அது பெரும்பாலும் தேய்ந்து உருண்ட ஓரம்தான். புதிய நெக்கிலும் நல்ல கைவினைஞர் அதை அரை மணியில் உருட்டிவிடுவார்.

மெலிந்த நெக்கின் ஆதரவாளர்கள் வாயே திறக்காத சங்கதி ஒன்று இருக்கிறது. மரத்தின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கோடு கூடிக்குறையும். தோராயமாக, 23 மில்லிமீட்டர் நெக்கை 20-க்கு இழைத்தால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய நாற்பது கிலோ அளவுக்கு எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் காற்று ஈரமானாலும், மெலிந்த நெக் சீக்கிரம் அசையும். அசைந்தால் நெக்கின் குழிவு மாறும், அதோடு கம்பியின் உயரம் மாறும், போன மாதம் இதமாக இருந்தது இந்த மாதம் கடிக்கும். செய்கிறவர்களுக்கு இது தெரியும். ஐபனீஸ் தன் உயர்ரக மெலிந்த நெக்குகளைப் பல மரத்துண்டுகளை ஒட்டிச் செய்து, உள்ளே டைட்டானியம் தண்டுகளையும் வைக்கிறது. விலை குறைந்த கிட்டார்களில் அந்தத் தண்டு இல்லை. மெலிவு மட்டும் இருக்கிறது. முதல் கிட்டார் வாங்குகிற பிள்ளைக்குப் போவது அதுதான்.

“சிறிய கைக்காரர்கள் என்ன செய்வது?” இந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. கட்டைவிரலை மேலே கொண்டுவந்து, ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் போல ஆறாவது கம்பியை அதனால் பிடிக்க விரும்பும் சிறிய கைக்கு, முழு யூ வடிவ நெக் உண்மையிலேயே இடைஞ்சல். அவர்களுக்குத் தோள் சரிந்த வி உதவும். ஆனால் சிறிய கையின் அன்றாடப் புகார் விரல் எட்டவில்லை என்பது. கம்பிகளுக்குக் குறுக்கே எட்டுவதைத் தீர்மானிப்பதில் நட்டின் அகலத்துக்கே பெரிய பங்கு. நெக்கின் நீளவாக்கில் எட்டுவதைத் தீர்மானிப்பது ஸ்கேல் நீளம்: நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை ஃபெண்டரில் சுமார் 134 மில்லிமீட்டர், கிப்சனில் 130. கிட்டார் தொடைக்குக் கீழே தொங்கினால் மணிக்கட்டு மடங்கி எட்டும் தூரம் இன்னும் சுருங்கும். பெல்ட்டை நான்கு விரற்கடை ஏற்றினால் அதே கை, அதே நெக், எட்டாத ஃப்ரெட் எட்டுகிறது. பெண் பிள்ளைகளிடம் பார்த்தவுடன் “உனக்கு ஒல்லி நெக்தான் சரிப்படும்” என்று சொல்வதை நிறுத்த வேண்டும். கையைப் பார்க்காமலும் கிட்டாரை அளக்காமலும் கொடுக்கும் தீர்ப்பு அது.

எதிர்முகாமில் இன்னொரு கூட்டம், தடித்த நெக்தான் நாதம் கொடுக்கும் என்று அடித்துப் பேசும். அதற்காகவும் யாரும் கையை வருத்திக்கொள்ள வேண்டாம். நான் தடிமனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கட்டைவிரலை நெக்கின் நடுமுதுகில் ஊன்றி, உள்ளங்கை நெக்கைத் தொடாமல், கம்பிக்கு மூன்று ஸ்வரம் என்று மேலும் கீழும் ஓடுகிற வாசிப்புக்கு மெலிந்த தட்டை நெக் நன்றாகவே பொருந்தும். அது ஒரு பாணிக்கான கருவி. எல்லாருக்குமான சுகம் என்று அதை விற்பதைத்தான் மறுக்கிறேன்.

கடையில் இரண்டு நிமிஷம் கையில் பிடித்துப் பார்த்தால் மெலிந்த நெக் ஜெயிக்கும். இரண்டு நிமிஷத்தில் எந்தத் தசையும் களைக்காது. ஆகவே கடைக்குப் போகிறவர்கள் ஸ்டூல் கேட்டு உட்காருங்கள். முதலில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி நட்டைப் பாருங்கள். முதல் கம்பியின் உயரத்தையும் ஆறாவது கம்பியின் உயரத்தையும் பதினேழாவது ஃப்ரெட்டில் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள்; 9.5 அங்குல ஆரத்துக்கு 1.6 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டரே சொல்லும் அளவு. உள்ளங்கையை ஃப்ரெட்போர்டின் ஓரத்தில் மேலிருந்து கீழே இழுத்து, ஃப்ரெட் முனை எங்கேயாவது கீறுகிறதா என்று பாருங்கள். பிறகு முதல் நாலு ஃப்ரெட்டுக்குள் பார் கார்டுகளை மட்டும், கை களைக்கும்வரை வாசியுங்கள். களைத்த பிறகு அடுத்த கிட்டாரை எடுத்து அதையே செய்யுங்கள். மெலிந்தது, தடித்தது என்ற பேச்சை விற்பவர் அதற்குப் பிறகு எடுக்கட்டும்.